இரண்டு விரல் தள்ளி

வியாழக்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பாட்டறையில் இருந்தபோது, விபெக்கே அந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போய்த் தன் அறை அலமாரிக்குள் வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்ன ஹீட்டரையும் வைத்துக் கதவைச் சாத்தினாள். மீட்டரின் கம்பிகள் மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தன.

ஊர்க்கூடத்தில் அது இருந்த இடம் அப்படித்தான். மேடைக்குப் பின்னால் ஓர் அலமாரி, அதற்கடியில் வெந்நீர்க் குழாய். டிசம்பர் குளிர், கூடம் நிறைய ஆட்கள், வயதான தம்பதி ஒன்றின் அறுபதாவது மணநாள் விருந்து. கிழவர் எழுந்து பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. அலமாரியிலிருந்து புகை வந்தது. அந்த ரகத்தில் எரிந்து திரும்பி வந்த மூன்றாவது ஆம்ப்ளிஃபயர் அது.

லெம்விக் துறைமுகத்துக்கு மேலே பழைய மீன் கிடங்கு ஒன்றில் இருந்தது அவர்களுடைய பட்டறை. ஊர்க்கூடங்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஆம்ப்ளிஃபயர் செய்தார்கள். சர்க்யூட்டை வரைவது விபெக்கே. பாகங்களைப் பொருத்தி முடுக்குவது டோர்கில், அறுபதைத் தாண்டியவர்.

திரும்பி வந்த மூன்றிலும் செத்திருந்தவை ஒரே இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒலிபெருக்கியைத் தள்ளுகிற பெரியவை. அவற்றின் சூட்டை வாங்கிக்கொள்ள, சீப்புப் பற்கள் போல வரிவரியாக வெட்டிய அலுமினியக் கட்டை ஒன்று இருக்கும். அதன்மேல் மைக்காத் துண்டு வைத்து, இருபுறமும் வெள்ளைப் பசை தடவி, டிரான்சிஸ்டரைத் திருகால் இறுக்க வேண்டும். பசை ஓரிடத்தில் விட்டுப்போனாலும், திருகு ஒருபக்கம் சாய்ந்தாலும் சூடு அலுமினியத்துக்குப் போகாமல் டிரான்சிஸ்டருக்குள்ளேயே தங்கிவிடும். அது டோர்கிலின் வேலை. முதல் சந்தேகம் அங்கே போனது இயல்புதான்.

அந்த வாரத் திங்கட்கிழமை காபி நேரத்தில், எரிந்த டிரான்சிஸ்டர் ஒன்றை ஃப்ரோதே வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். முதலாளி அவன். அப்பாவிடமிருந்து பட்டறை அவனுக்கு வந்தது. ஆனால் அங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீ என்றுதான் பேசுவார்கள்.

"இது மூணாவது," என்றான்.

தொலைபேசி எடுக்கிற லிஸ்பெட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "அந்தக் கிழவி போன் பண்ணாங்க," என்றாள். "அறுபது வருஷமா அவரு பேச்சை நிறுத்த வழி தெரியாம இருந்தேன், உங்க பொட்டி நிறுத்திடுச்சு, வீட்டுக்கு ஒண்ணு கெடைக்குமான்னு கேட்டாங்க."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் ஃப்ரோதே விபெக்கேயைப் பார்த்தான். பதில் அவள் சொல்ல வேண்டியது.

"பசை முழுசாப் படிஞ்சிருக்கான்னு பார்க்கணும்," என்றாள் அவள். டோர்கிலைப் பார்க்காமல்தான் சொன்னாள். "ஒரு மூலையில கொஞ்சம் காஞ்சாப்பல இருந்துச்சு."

"அப்ப அது நான்தான்," என்றார் டோர்கில்.

"யாரும் அப்படிச் சொல்லல."

"நான் சொல்றேன். கொஞ்ச நாளா கை நடுங்குது. காலைல காபி ஊத்தறப்ப பாருங்க, தட்டுல பாதி நிக்கும். ரெண்டு திருகும் ஒரே மாதிரி இறுகுதான்னு எனக்கே நிச்சயமில்ல. யார்கிட்டயும் சொல்லல." மேசைமேல் இருந்த கைகளைத் தொடைக்கு இறக்கிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கேக் என்னோடது."

சொதப்பல் கேக் என்று அதைச் சொல்வார்கள். சொதப்பியவர் கேக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தட்டு காலியானபின் அந்தத் தப்பைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது. தேவாலயத்துக்குப் போக வேண்டிய பெட்டியை லிஸ்பெட் ஒரு நடனப் பள்ளிக்கு அனுப்பியதும், ஃப்ரோதே சரக்கு வண்டியைப் பின்னால் எடுத்து வாடிக்கையாளரின் கார் விளக்கை உடைத்ததும் அப்படித்தான் கரைந்துபோயின. விபெக்கே கேக் கொண்டுவந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

இப்போது, வியாழக்கிழமை, அலமாரிக்குள் இருந்த ஆம்ப்ளிஃபயரில் புதிய டிரான்சிஸ்டர்களை அவளே பொருத்தியிருந்தாள். பசையை அவளே தடவினாள். திருகுகளை அளவுபார்க்கிற முடுக்கியால் முடுக்கினாள். அவள் கை நடுங்கவில்லை. இது தாங்கிவிட்டால் தப்பு டோர்கிலின் கையில். அதை உறுதி செய்யத்தான் இந்தச் சோதனை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மீட்டரில் எண் மெதுவாக ஏறியது. கொஞ்சம் ஏறும், நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை.

டிரான்சிஸ்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடானால் முன்பைவிட அதிக மின்சாரத்தைத் தன் வழியே விடும். அதிக மின்சாரம் போனால் இன்னும் சூடாகும். இன்னும் சூடானால் இன்னும் விடும். நடுவில் யாராவது போதும் என்று சொல்லாவிட்டால் தன்னையே எரித்துக்கொள்ளும். அப்படிச் சொல்வதற்கென்றே மூன்றாவதாக ஒரு டிரான்சிஸ்டர் வைப்பார்கள், விரல் நகம் அளவில். பாட்டுக்கும் பேச்சுக்கும் அது எதுவும் செய்வதில்லை. பெரியவை சூடாகும்போது தானும் சூடாக வேண்டும், சூடானதும் அவற்றுக்குப் போகிற மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கு அது அதே அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய ரகத்தில் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அலுமினியத்தில் ஒரு திருகு, அங்கிருந்து சர்க்யூட் பலகைக்கு மூன்று கம்பிகள். போன வருடம் விபெக்கே அதைப் பலகைக்கே மாற்றினாள். அலுமினியத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. திருகு வேண்டாம், கம்பிகள் வேண்டாம், வேலை சுலபம். வரைபடமும் பார்க்க அழகாக இருந்தது. காற்று வழியாக அந்தச் சூடு வந்துவிடும் என்று எண்ணினாள். மேசைமேல், மூடி இல்லாமல், துறைமுகக் காற்று வரும் ஜன்னலோரத்தில் வைத்துச் சோதித்தாள். அங்கே எதுவும் சூடாகவில்லை. எல்லாம் சரியாக இருந்தது.

அலமாரிக்குள் அந்தச் சின்ன டிரான்சிஸ்டர் இரண்டு விரல் தள்ளி நின்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

டப் என்று ஒரு சத்தம் கேட்டது. சட்டைப் பித்தான் தெறித்தது போலத்தான் இருந்தது. பிறகு கருகல் நெடி வந்தது.

அவள் ஜன்னலைத் திறந்தாள். பெட்டி ஆறியதும் இன்னொரு ஜோடி பொருத்தினாள். சின்னதைப் பலகையிலிருந்து கழற்றி, கம்பி வைத்துப் பற்றவைத்து, அலுமினியத்தோடு ஒரு கிடுக்கியால் அழுத்திப் பிடிக்க வைத்தாள். மறுபடி அலமாரி, மறுபடி ஹீட்டர். எண் கொஞ்சம் ஏறியது. தயங்கியது. பின் இறங்கி ஓரிடத்தில் நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நகரவில்லை.

நடைவழியில் டோர்கிலின் குரல் கேட்டது. எந்த கேக் செய்வது என்று லிஸ்பெட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு எட்டு வைத்தால் கதவு.

அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு பெட்டியையும் சோதித்துவிட்டுச் சொல்வதுதான் முறை என்று நினைத்தாள். பிறகு, முதலில் ஃப்ரோதேயிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எல்லாமே நியாயமாக இருந்தன. தான் ஒரு பொய்யும் சொல்லிவிடவில்லை என்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். பசையைப் பார்க்கணும் என்றுதானே சொன்னாள். நான்தான் என்றது அவர். நெடி போகும்வரை அறைக்கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை டோர்கில் கொண்டுவந்தது, மேலே தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றிய கேக். அவரே செய்தது. வெட்டும்போது கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"அடுத்த தப்ப எப்ப பண்றதா உத்தேசம்?" என்றாள் லிஸ்பெட் வாய் நிறைய கேக்கோடு. "மாசத்துக்கு ஒண்ணு பண்ணு."

"இனிமே பண்ண முடியாது. திங்கக்கிழமைலேருந்து பேக்கிங்குக்குப் போறேன்னு ஃப்ரோதேகிட்ட சொல்லிட்டேன். அட்டைப் பெட்டில டேப் ஒட்டறதுக்கு நடுக்கம் ஒரு தடையில்ல."

"நான் ஒத்துக்கல இன்னும்," என்றான் ஃப்ரோதே.

"ஒத்துக்குவ. மூணு பேரு விருந்து கெட்டாச்சு." அவர் விபெக்கேயின் தட்டைப் பார்த்தார். "என்ன இத்துனூண்டு எடுத்துக்கிட்ட? எம்மேல கோவமா?"

"இல்ல, டோர்கில்."

"அப்ப இந்தா." ஒரு பெரிய துண்டை அவள் தட்டில் வைத்தார்.

அவள் சாப்பிட்டாள். தேங்காய் பல்லில் ஒட்டியது. "அவசரப்பட்டு முடிவு பண்ணாத," என்று சொன்னாள். சொன்னபின் அந்த வார்த்தைகளின் சின்னத்தனம் அவளுக்கே கேட்டது. டோர்கில் நன்றியோடு தலையாட்டினார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம்னு சொன்னியே," என்றாள் லிஸ்பெட். "யாரு தூக்கறது? நீயா?"

"டீனே என்னைத்தான் கேட்டிருக்கா."

"தாத்தா தூக்கிட்டுப் போனா புள்ள பயந்து பாதிரியார் மேலயே ஒண்ணுக்குப் போயிடும்."

"பார்க்கலாம்," என்றார் டோர்கில். டீனே அவருடைய ஒரே மகள். அவர் கேக் தட்டை வழித்து, ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் எடுத்துச் சாப்பிட்டார். "காலி. முடிஞ்சுது விஷயம்."

முடிந்துவிட்டது. வழக்கப்படி இனி அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். விபெக்கே அந்த வழக்கத்துக்குள் கம்பளிக்குள் ஒளிவது போல ஒளிந்துகொண்டாள். சனிக்கிழமை முழுக்க வீட்டைத் துடைத்தாள். புத்தகம் எடுத்தாள், ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன டிரான்சிஸ்டரைப் பற்றி நினைக்கவில்லை. இருந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, தேங்காய் இன்னும் பல்லிடுக்கில் இருப்பது போல நாக்கு துழாவிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை எடுத்தாள். சொல்லிவிடுவது என்று உறுதியாகத்தான் கிளம்பினாள். டோர்கில் வீட்டுத் தோட்டத்தில் விசேஷத்துக்காகக் கொடி ஏற்றியிருந்தது. வாசலில் கார் இல்லை. அவர்கள் தேவாலயத்துக்குப் போயிருப்பார்கள் என்பது அதைப் பார்த்தபின்தான் உறைத்தது. மேட்டில் இருந்தது தேவாலயம், வெள்ளைச் சுவரோடு. அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

நீளமான வெள்ளை அங்கியில் குழந்தை. அதைத் தூக்கி வந்தவள் ஓர் இளம்பெண். டீனே கணவனின் தங்கையாக இருக்கலாம். டோர்கில் அவளுக்கு அரையடி பின்னால் நடந்து வந்தார். இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன. யாரோ வந்து கை கொடுத்தார்கள். ஒரு கையை எடுத்தார், குலுக்கினார், உடனே பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். படம் எடுப்பவர் ஏதோ சொன்னார், எல்லோரும் நெருங்கி நின்றார்கள். அப்போதும் அவர் கைகளை எடுக்கவில்லை.

குளிராக இருக்கும் என்று விபெக்கே நினைத்தாள். நல்ல நாளும் அதுவுமாக இதைப் போய்ச் சொல்வானேன் என்றும் நினைத்தாள். அந்த நினைப்பு எவ்வளவு தாராளமாக வந்து உதவியது என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. சைக்கிளைத் திருப்பினாள்.

அன்று மாலை அவளும் கேக் செய்தாள்.

திங்கட்கிழமை காபி மேசையில் அதைப் பார்த்ததும் லிஸ்பெட், "யாருக்குப் பொறந்தநாள்?" என்றாள்.

"பொறந்தநாள் இல்ல. சொதப்பல்."

"நீயா?" லிஸ்பெட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஃப்ரோதே, சீக்கிரம் வா. இதெல்லாம் அடிக்கடி கெடைக்காது."

டோர்கில் பேக்கிங் அறையிலிருந்து வந்தார். விரலில் டேப் துண்டு ஒட்டியிருந்தது. விபெக்கே நின்றுகொண்டே சொன்னாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"பசை இல்ல. திருகும் இல்ல. நான் பொருத்தினதும் எரிஞ்சிடுச்சு. சூடு பார்க்கற சின்ன டிரான்சிஸ்டரைப் போன வருஷம் நான் தள்ளி வெச்சேன். அதுக்குச் சூடே தெரியல. அதனாலதான் மூணும் போச்சு. மூடி வெச்சுப் பார்த்திருக்கணும், பார்க்கல. டோர்கில் கை இதுல எதுவும் பண்ணல."

காபி இயந்திரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"வித்த பெட்டி எல்லாத்தையும் திரும்ப வாங்கணும்," என்றான் ஃப்ரோதே. அவன் குரலில் கோபம் இல்லை. "சரி. வாங்கித் திருத்திடலாம். ஆக, கண்டுபிடிச்சாச்சு." கத்தியை எடுத்து கேக்கை வெட்ட ஆரம்பித்தான்.

"அப்ப வெள்ளிக்கிழமை சாப்பிட்டது தப்பான கேக்," என்றாள் லிஸ்பெட். "ரெண்டு துண்டு சாப்பிட்ட நீ, விபெக்கே. டோர்கிலுக்குத் திருப்பிக் குடுக்கணும்."

டோர்கில் சிரிக்கவில்லை. விரலில் ஒட்டிய டேப்பை உரித்து, உருண்டையாக்கி, மேசைமேல் வைத்தார்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

பெட்டி எப்படி எரிந்தது என்று கேட்பார் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பதில் இருந்தது. பலகையின் படத்தைக்கூட எடுத்து வந்திருந்தாள்.

"வியாழக்கிழமை," என்றாள்.

லிஸ்பெட் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

டோர்கில் தலையாட்டினார், கணக்குச் சரியாக வருகிறது என்பது போல. குரலை உயர்த்தாமல், தட்டைப் பார்த்துப் பேசினார்.

"சனிக்கிழமை நான் டீனேகிட்ட சொல்லிட்டேன், புள்ளைய நான் தூக்கலன்னு. ஏன்னு கேட்டா. ஒரு திருகையே சரியா முடுக்க முடியாத கை, தண்ணிகிட்ட உன் புள்ளைய எப்படிப் பிடிக்கும்னேன். அழுதா. அப்பா, நீ வேணாம்னு சொல்றதுக்கு இது ஒரு சாக்குன்னு சொன்னா. அவ புருஷன எனக்குப் பிடிக்காதுன்னு அவளுக்கு நெனப்பு. அதனாலதான் தூக்கலன்னு நெனச்சுட்டா. நேத்து விருந்துல என்கூட ரெண்டு வார்த்த பேசல."

"எனக்குத் தெரியாது, டோர்கில்."

"தெரியாதுதான்."

குற்றம் சாட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதில் சொல்லவாவது ஏதாவது இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை இதே மேசையில், பார்க்கலாம் என்று சொல்லிச் சர்க்கரையை வழித்த விரல்தான் அவளுக்கு முன்னால் இருந்தது. அப்போது அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அப்போது ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய வாயில் அவருடைய கேக் இருந்தது.

ஃப்ரோதே, சங்கடத்தை மூடுவதற்காக, ஒரு துண்டை எடுத்து டோர்கிலின் தட்டில் வைத்தான். "சாப்பிடு. சாப்பிட்டு முடிச்சுட்டா முடிஞ்சுது."

டோர்கில் தட்டை மெல்ல நகர்த்தினார். கோபமாக அல்ல, சூடு ஆறட்டும் என்று நகர்த்துவது போல.

"அப்புறம் சாப்பிடறேன். விபெக்கே, நீ டீனேக்குப் போன் பண்ணு."

"நானா?"

"நான் சொன்னா நம்ப மாட்டா. இப்ப சாக்கு மாத்திச் சொல்றேன்னு நெனப்பா. கைல ஒண்ணுமில்லன்னு நீ சொல்லு. எப்பத் தெரிஞ்சுதுன்னும் சொல்லு."

"கை நடுங்கறது..." என்று இழுத்தாள் லிஸ்பெட்.

"நடுங்குது. அது நடுங்கிட்டுப் போகுது. அதுதான் பெட்டிய எரிச்சுதுன்னு நெனச்சேன் பாரு." அவர் தன் தொலைபேசியை எடுத்து, எண்ணைத் தேடி, மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். கேக்குக்கும் காபிக் கோப்பைக்கும் நடுவில் அது வந்து நின்றது. திரையில் டீனேயின் பெயர்.

விபெக்கே அதை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தாள்.

"இங்கயே பேசு," என்றார் டோர்கில்.

அவள் உட்கார்ந்தாள். மணி அடிக்கும்போது, மறுமுனையில் எடுக்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். அந்த ஆசைகூடத் தன் முகத்தில் தெரிகிறது என்று அவளுக்குத் தோன்றியது. எதிரே டோர்கில் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். அவை லேசாக நடுங்கின. அவர் அவற்றை மறைக்கவில்லை.

"டீனே பேசறேன்," என்றது குரல். பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. "அப்பாவா?"

"இல்ல," என்றாள் விபெக்கே. "நான் உங்கப்பாகூட வேலை செய்யறவ. உங்கப்பா பக்கத்துலதான் இருக்காரு. ஒரு தப்பைச் சொல்லணும். என்னோட தப்பு."

குழந்தையின் சிணுங்கல் கிட்டத்தில் வந்தது, டீனே அதைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். விபெக்கே வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள்.